மூணு சிரட்டை உப்பு

லத்தீபுக்கு வலிப்பு வரும் என்று என்னிடம் ரகசியம் சொல்ல வருகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இருபது வருஷத்துக்கு மேலாக அவன் அடுப்புக்கு விறகு போடுகிறவன் நான். அவன் விழுந்தபோதெல்லாம் நெருப்பு ஓரத்திலிருந்து இழுத்துப் போட்டவனும் நான்தான். என்னிடமே வந்து, "சுருளி, ஒனக்கு விஷயம் தெரியுமா" என்று காதைக் கடித்தால் என்ன செய்வது? "தெரியாதே, உங்களுக்கு மூலம் இருக்கிறது மட்டுந்தான் தெரியும்" என்று ஒருத்தரிடம் சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் அவர் என்னோடு பேசுவதில்லை. நல்லதாகப் போயிற்று.

அப்துல் லத்தீப் திண்டுக்கல்லில் தோல்ஷாப்புகளுக்கு நடுவே இருக்கிற ஒரு பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சுகிற பண்டாரி. மற்ற மாதங்களில் கல்யாணச் சமையல். நான் செம்பட்டிப் பக்கத்து ஆள். புளிய விறகு வண்டியோடு வந்து அவனிடம் ஒட்டிக்கொண்டவன்.

வலிப்பு என்றால் எல்லாரும் அந்த ஐந்து நிமிஷத்தைத்தான் நினைக்கிறார்கள். கை கால் வெட்டும், வாயில் நுரை வரும், பிறகு தூங்குவான், எழுந்திருப்பான். அதுவா பெரிய விஷயம்? அந்த ஐந்து நிமிஷம் போகும்போது சும்மா போகாது. முன்னால் ஒரு மணி நேரத்தையும் பின்னால் ஒரு மணி நேரத்தையும் வாரிச் சுருட்டிக்கொண்டு போகும். சில சமயம் ஒரு வாரத்தையே கொண்டுபோய்விடும். அவன் தங்கச்சி கல்யாணத்துக்கு லத்தீபுதான் சமைத்தான். சாப்பிட்டவர்கள் இன்றைக்கும் அந்தக் கறியைப் பற்றிப் பேசுகிறார்கள். சமைத்தவனுக்குத்தான் ஞாபகம் இல்லை. ஒரே காலையில் இரண்டு தடவை சவரத்துக்குப் போய் உட்கார்ந்திருக்கிறான். நாவிதர் சிரித்துக்கொண்டே கன்னத்தைத் தடவிக் காட்டியதும், தானும் சிரித்துவிட்டு எழுந்து வந்திருக்கிறான்.

கையில் இரும்பு கொடுத்தால் வலிப்பு நிற்கும் என்று ஊருக்கெல்லாம் ஒரு நம்பிக்கை. பூட்டுப் பட்டறை இருக்கிற ஊரில் சாவிக்கா பஞ்சம்? ஒருதரம் யாரோ பள்ளிவாசல் சாவிக்கொத்தையே அவன் கையில் திணித்துவிட்டார்கள். தெளிந்து எழுந்தவன், கையில் இருப்பது தன் சாமான்தான் போலிருக்கிறது என்று வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டான். அன்றைக்குப் பிற்பகல் அசர் தொழுகைக்கு வந்தவர்கள் பூட்டின கதவுக்கு முன்னால் நின்றார்கள்.

சிரிக்க முடியாததும் உண்டு. கடைவீதியில் ஒரு வீணாய்ப்போனவன், "நேத்து ஒன் சைக்கிள எனக்குத் தாரேன்னு சொன்னியேப்பா" என்று விளையாட்டுக்குச் சொல்லியிருக்கிறான். லத்தீபு மறுபேச்சுப் பேசாமல் சைக்கிளை அவனிடம் கொடுத்துவிட்டு வெயிலில் நடந்து வந்தான். நான் போய் அந்தப் பயலைச் செவிட்டில் இரண்டு வைத்துச் சைக்கிளைப் பிடுங்கி வந்தேன்.

"சொல்லலைன்னு சொல்ல வேண்டியதுதானலே?" என்று கேட்டேன்.

"சொன்னனா இல்லையான்னு எனக்கே தெரியல. அவனைப் பொய்யன்னு நான் எப்படிச் சொல்றது?" என்றான்.

அவன் நிலைமை அதுதான். தன் வாழ்க்கையில் நடந்ததை அடுத்தவன் வாயிலிருந்துதான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். எதிரில் இருப்பவன் யோக்கியனாக இருந்தால் பிழைத்தான்.

ஆனால் அண்டாவுக்கு முன்னால் நின்றால் அவன் ராஜா. நோன்புக் கஞ்சியை நோன்பு வைத்துக்கொண்டேதான் காய்ச்ச வேண்டும். நொய், பாசிப்பருப்பு, வெந்தயம், கொத்துக்கறி, பிறகு உப்பு, கடைசியில் தேங்காய்ப்பால். நானூறு பேருக்கான கஞ்சி. நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடலாம், தப்பில்லை என்று ஆலிம்சாவே சொல்லியிருக்கிறார். லத்தீபு கேட்க மாட்டான். அவன் அத்தா முப்பது வருஷம் வாயில் வைக்காமல் காய்ச்சினார். நான் சொல்லப்போகிற சமயத்தில் இவன் பதினாறு வருஷம். நான் நோன்பு வைக்கிறவன் இல்லைதான். ஆனாலும் அந்த மாதம் அந்த அடுப்படியில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன். அவன் காய்ந்து கிடக்கும்போது என் வாய் மட்டும் அசைந்தால் நன்றாகவா இருக்கும்? ஆகவே அங்கே உப்புப் பார்க்க ஒரு நாக்கும் கிடையாது. அவன் அளவு மட்டுந்தான். அது ஒரு நாளும் தப்பியதில்லை. இந்தப் பெருமையை நான் செம்பட்டி வரைக்கும் போய்ச் சொல்லியிருக்கிறேன்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் நோன்பு பங்குனியிலும் சித்திரையிலும் வந்தது. மலைக்கோட்டைப் பாறை காய்ந்து, ஊரே அடுப்பு மேல் வைத்த தோசைக்கல்லாக இருந்தது. விடியுமுன் சாப்பிடுகிற சகருக்கு எழுந்து எழுந்து தூக்கம் கெட்டால் அவனுக்கு வலிப்பு வரும் என்று எனக்குத் தெரியும். மதுரை ஆஸ்பத்திரி மாத்திரை இருந்தது. ஆனாலும் இருபதாம் நோன்பன்று வந்துவிட்டது.

நடுப்பகல் லுஹர் தொழுகை முடிந்து இரண்டு மணி நேரம் இருக்கும். நான் சுவருக்கு அந்தப் பக்கம் விறகு பிளந்துகொண்டிருந்தேன். பொத்தென்று சத்தம் கேட்டது. ஓடி வந்தால் அண்டாவுக்கு இரண்டு முழம் தள்ளி விழுந்து வெட்டிக்கொண்டிருக்கிறான். இழுத்து வேப்பமரத்து நிழலில் ஒருக்களித்துப் போட்டேன். நாக்கைக் கடித்திருந்தான், கடைவாயில் ரத்தம். வெட்டு நின்றதும் தூங்கிப்போனான்.

நான் திரும்பி வந்து துடுப்பைப் பிடித்தேன். கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. உப்புப் போட்டானா, இல்லையா? அடுப்படி மாடத்தில் அவனுடைய உப்புக் கிண்ணம் கவிழ்ந்து கிடந்தது. கழுவிக் கவிழ்த்தது கவிழ்த்தபடியே இருக்கிறது, இன்னும் அளக்கவே இல்லை என்று நினைத்தேன். அதே சமயம், ஒருவேளை போட்டிருந்தால்? மூலையில் உப்புப் பானையும் அதற்குள் ஒரு சிரட்டையும் உண்டு. ஒரு சிரட்டை போடுவோம். அவன் போட்டிருந்தால் ஒன்று கூடினது தெரியாது, போடாவிட்டால் ஒன்றாவது மானத்தைக் காப்பாற்றும். இப்படி ஒரு பெரிய மேதையாக யோசித்து ஒரு சிரட்டை கல்லுப்பை அள்ளிப் போட்டுக் கிண்டினேன். பாங்கு சொல்கிற மோதினார் முனீர் வந்து, "நீ போய் அவர் பக்கத்துல இரு, செத்த நேரம் நான் கிண்டுறேன்" என்றார். போய் லத்தீபுக்கு விசிறிக்கொண்டிருந்தேன்.

முக்கால் மணி நேரம் கழித்து லத்தீபு எழுந்தான். அடுப்படிக்கு வந்து மாடத்தை ஒரு பார்வை பார்த்தான். பிறகு ஒன்றும் கேட்காமல் தேங்காய்ப்பாலைத் தூக்கி ஊற்ற ஆரம்பித்தான். நானும் ஒன்றும் சொல்லவில்லை.

சாயங்காலம் நோன்பு திறக்க நகரா முரசு அடித்தது. பேரீச்சம்பழத்தைக் கடித்து, தண்ணீர் குடித்து, நானூறு பேரும் கஞ்சியை வாயில் வைத்தார்கள். வைத்தவர்கள் அப்படியே நின்றார்கள். ஒருத்தர் துப்பினார், அப்புறம் எல்லாரும் துப்பினார்கள். வீடுகளுக்குப் போன தூக்குவாளிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

"உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சொல்லுவாக. இன்னைக்கு உப்புப் போட்டவரை மவுத்து வரைக்கும் மறக்க மாட்டோம்" என்றார் ஒருத்தர். சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் வேறொருத்தர், "வலிப்புக்காரங்கிட்ட அண்டாவக் குடுத்தா இப்படித்தான். போட்டது மறந்து ரெண்டாந்தடவ போட்டிருப்பான்" என்றார்.

லத்தீபு ஒரு ஓரத்தில் உட்கார்ந்து, தன் கோப்பைக் கஞ்சியைக் கடைசிச் சொட்டு வரை குடித்தான். கடிபட்ட நாக்கோடு அந்த உப்பைக் குடித்தான். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். என் ஒரு சிரட்டையால் இம்புட்டுக் கரிப்பு வராது, இவன்தான் இரண்டு தடவை போட்டிருப்பான் என்று என் மனசுக்கு நானே சமாதானம் சொன்னேன். பாவிக்குச் சமாதானமா கிடைக்காது?

மறுநாள் காலையில் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் இல்லை. திரைக்குப் பின்னாலிருந்து அவன் மனைவி கமர்ஜஹான் பேசியது.

"அண்ணே, ஜமாஅத்துல கூப்பிட்டு விட்டிருக்காக. வேற பண்டாரி பாத்திருக்காகளாம். அவுகளுக்குத்தான் ஒண்ணும் ஞாபகம் இல்ல. நீங்க அங்கதான இருந்தீக, என்ன நடந்துச்சு?"

"நான் விறகு பொளந்துக்கிட்டு இருந்தேம்மா" என்றேன். அது பொய்யில்லை. ஆனால் பொய்தான்.

"சரிண்ணே" என்றது அந்தப் பெண். "யாரு என்ன சொன்னாலும் அவுக நம்பிருவாக. அவுகளுக்கு வேற வழி இல்ல. அதான் உங்ககிட்டக் கேட்டேன்."

வெயில் ஏறுவதற்குள்ளேயே எனக்கு வேர்த்துவிட்டது.

லுஹர் முடிந்து பள்ளிவாசல் தாழ்வாரத்தில் கூட்டம் போட்டார்கள். முப்பது நாற்பது பேர் இருக்கும். நான் வாசல் படியோரம் நின்றேன். பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கிற முத்தவல்லி ஹாஜியார் நல்ல மனிதர். லத்தீபின் அத்தாவோடு மதரஸாவில் ஓதியவர். குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்.

"அப்பு லத்தீபு, ஒன்மேல யாருக்கும் கோவம் இல்ல. ஒடம்பு சரியில்லாத ஆளு நீ. கொஞ்ச நாளைக்கு ஓய்வா இரு. நத்தத்துல இருந்து ஒரு பண்டாரி மூணு மணி பஸ்ஸுல வாரார். அல்லா ஒனக்கு லேசாக்கி வைப்பான்."

இந்த மாதிரி இரக்கத்துக்குப் பதில் சொல்வது கஷ்டம். திட்டினால் திருப்பித் திட்டலாம். லத்தீபு எழுந்து நின்றான். நாக்கு வீங்கியிருந்ததால் பேச்சு கொஞ்சம் குழறியது. ஆனால் ஒரு வார்த்தையையும் அவன் விழுங்கவில்லை.

"ஹாஜியாரே, நேத்து லுஹருக்கப்புறம் என்ன நடந்துச்சுன்னு எனக்கு ஞாபகம் இல்ல. அத நான் மறைக்கல. ரெண்டாந்தடவ உப்புப் போட்டேன்னு ஒருத்தர் சொன்னா, போடலன்னு சத்தியம் பண்ண எனக்கு வழி கெடையாது. தெரியாதத நான் தெரியும்னு சொல்றதில்ல. ஆனா தெரிஞ்சது ரெண்டு இருக்கு. அதச் சொல்லிட்டு ஒக்காந்துக்கிறேன்."

ஹாஜியார் தலையசைத்தார்.

"பதினாறு வருஷமா நான் என் மண்டைய நம்பிச் சமைக்கல. அடுப்புப் பத்த வைக்கிறதுக்கு முன்னாடியே உப்ப அளந்து கிண்ணத்துல வச்சிருவேன். போட்ட அந்த நிமிஷமே கிண்ணத்தக் கவுத்துருவேன். விழுந்து எந்திரிச்சா கிண்ணத்தத்தான் பாப்பேன். நிமிந்திருந்தா போடல. கவுந்திருந்தா போட்டாச்சு. ஜீரகத்துக்கு ஒண்ணு, வெந்தயத்துக்கு ஒண்ணு, எல்லாத்துக்கும் அப்படித்தான். இத யாருகிட்டயும் நான் சொன்னதில்ல. நேத்து கிண்ணம் கவுந்திருந்துச்சு. அதுக்கு மேல நான் போட மாட்டேன்."

இத்தனை வருஷம் பக்கத்தில் நின்றேன். பாத்திரத்தைச் சுத்தமாகக் கவிழ்த்து வைக்கிற மனிதன் என்று மட்டுமே நினைத்தேன். அவன் 'போட்டாயிற்று' என்று எழுதி வைத்துவிட்டு விழுந்திருக்கிறான். நான் அதை 'போடவில்லை' என்று படித்திருக்கிறேன்.

"ரெண்டாவது" என்றான் லத்தீபு. "நேத்து எல்லாரும் துப்புனீக. நான் முழுசாக் குடிச்சேன். என் அளவுக்கு மேல எம்புட்டு இருக்குன்னு தெரிஞ்சுக்கத்தான் குடிச்சேன். மூணு சிரட்டை கூட இருந்துச்சு. மண்டைக்கு மறதி உண்டு, என் நாக்குக்கு இல்ல. அந்த மூணு சிரட்டை எங்கிருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சவுக இங்க இருந்தா சொல்லட்டும். இல்லாட்டி நத்தத்து ஆளு வந்து காய்ச்சட்டும்."

சொல்லிவிட்டு உட்கார்ந்தான். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சந்தேகப்பட்டுப் பார்த்திருந்தால்கூட நான் வீம்புக்கு வாயை மூடிக்கொண்டிருப்பேன். அவன் பார்க்காமல் இருந்ததுதான் என்னைக் கொன்றது.

"ஒரு சிரட்டை நான் போட்டேன்" என்றேன். "கிண்ணம் கவுந்திருந்ததப் பாத்து அளக்கலன்னு நெனச்சேன். மறந்திருப்பான்னு நெனச்சேன். நேத்தே சொல்லியிருக்கணும். கேவலமா வாய மூடிக்கிட்டு நின்னேன்."

முணுமுணுப்பு எழுந்தது. அது அடங்குவதற்குள் மோதினார் முனீர் முன்னால் வந்தார். பயத்தில் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டிருந்தார். "நானும் ஒரு சிரட்டை போட்டேன். சுருளி போட்டது எனக்குத் தெரியாது. பாவம், விழுந்து கெடக்காரே, உப்பில்லாமப் போனா அவரத்தான ஏசுவாகன்னு..."

லத்தீபு இரண்டு விரலைக் காட்டினான். "ரெண்டு வந்துருச்சு. இன்னும் ஒண்ணு இருக்கு."

"விடப்பா" என்றார் கூட்டத்தில் ஒருத்தர். "ரெண்டு சிரட்டை போதாதா? மூணுன்னு நீ குத்துமதிப்பாத்தான சொல்ற."

"குத்துமதிப்பு இல்லீங்க. மூணு."

அவ்வளவு நிமிர்ந்து அவன் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. இரண்டோடு விட்டிருந்தால் அவன் ஜெயித்தாயிற்று. வேலையும் திரும்பக் கிடைத்திருக்கும். ஆனால் மூணு என்றால் மூணுதான். நேற்றைய பகலில் பாதியைத் தொலைத்த ஒரு மனிதன், ஒரு சிரட்டையைக்கூட விட்டுக்கொடுக்காமல் உட்கார்ந்திருந்தான்.

ஹாஜியார் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "மூணாவது நாந்தாம்ப்பா. அசருக்குக் கை கால் கழுவி ஒளுச் செய்ய வந்தேன். முனீர பாங்கு சொல்ல அனுப்பிட்டுச் செத்த நேரம் துடுப்பப் பிடிச்சேன். ஒங்கத்தா மகன் பேரு கெட்டுப்போகக் கூடாதேன்னு நெனச்சேன். கெடுத்தது நாந்தான்."

நேற்று 'வலிப்புக்காரன்' என்று சொன்னவர் தூணுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டார்.

லத்தீபு எழுந்தான். "நீங்க மூணு பேரும் நல்லதத்தான் நெனச்சீக. ஆனா ஒருத்தர்கூட என்னை எழுப்பிக் கேக்கணும்னு நெனைக்கல. இனிமே நான் விழுந்தா நெருப்ப விட்டுத் தள்ளிப் படுக்க வைங்க. அதுக்கு மேல எந்த ஒத்தாசையும் எனக்கு வேணாம். உப்பு என் வேலை." பிறகு என்னைப் பார்த்தான். "ஏலே சுருளி, நேரமாச்சு. அடுப்பப் பத்த வையி."

மூன்று மணி பஸ்ஸில் நத்தத்துப் பண்டாரி வந்து இறங்கினார். வந்தவருக்கு ஹாஜியாரே பாய் விரித்து, கஞ்சி குடித்துவிட்டுப் போகலாம் என்று உட்கார வைத்தார். அன்றைக்குச் சாயங்காலம் நானூறு பேரும் கஞ்சி குடித்தார்கள். உப்பைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. உப்பைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை என்றால் அதுதான் பண்டாரிக்குப் போடுகிற மாலை.

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். பெருநாளுக்கு மூன்று நாள் முன்னால் லத்தீபுக்குக் காய்ச்சல் கண்டது. காய்ச்சலோடு வலிப்பு, ஒன்று விட்டு ஒன்றாக. மதுரைக்குக் கொண்டுபோனோம். ஒன்பது நாள் கழித்துத் தேறி வந்தான். வந்தவன் கமர்ஜஹானிடம் கேட்ட முதல் கேள்வி, "நோன்பு எப்பப் பொறக்குது?" என்பது. அந்த மாதம் முழுவதும் போய்விட்டது. உப்பும் போயிற்று, ஜமாஅத்தும் போயிற்று. நாற்பது பேருக்கு முன்னால் 'மூணு' என்று அவன் சொன்னதும் போயிற்று. அவன் ஆயுசில் அவன் நின்ற அந்த ஒரு நிற்பு அவனுக்கே இல்லாமல் போயிற்று. அன்றைக்கு நான் வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்து அழுதேன். சொல்ல வெட்கமில்லை.

அவனுக்குச் சொல்ல வேண்டியவன் நான்தான். முதல் தடவை சொன்னபோது, "யாரோ மூணு பேரு உப்ப அள்ளிப் போட்டுட்டாக" என்று ஆரம்பித்தேன். "அப்படியா?" என்று கேட்டுக்கொண்டான். சந்தேகமே இல்லாமல் நம்பினான். இந்த மனிதனிடம் பாதியை மறைத்துச் சொன்னால், அந்த மறைத்த பாதி உலகத்திலேயே இல்லாமல் போய்விடும். "இரு, மொதல்ல இருந்து சொல்றேன்" என்று திருத்திச் சொன்னேன். இரண்டு நாள் அவன் என்னோடு பேசவில்லை.

இப்போது எட்டு வருஷம் ஆகிறது. வருஷத்துக்கு ஒருமுறையாவது அந்தக் கதை அவனிடமிருந்து நழுவிப் போகும். யாராவது ஜாடையாக எதையாவது சொல்வார்கள், உடனே என்னிடம் வந்து நிற்பான். நான் மறுபடியும் சொல்வேன். ஒரே குற்றத்துக்கு வருஷா வருஷம் புதுசாகத் திட்டு வாங்குகிற ஆள் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தன்தான். போன மாதமும் அப்படித்தான். திட்டி ஓய்ந்த பிறகு கேட்டான்.

"ஹாஜியாரு முன்னாடியா மூணுன்னு சொன்னேன்?"

"அவரு முன்னாடிதான்."

"எல்லாரும் இருந்தாகளா?"

"அம்புட்டுப் பேரும் இருந்தாக. ரெண்டு சிரட்டை போதாதா, விடப்பான்னு ஒருத்தரு சொன்னாரு. நீ விடல."

லத்தீபு சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டான். முதுகு தானாக நிமிர்ந்தது, அன்றைக்குத் தாழ்வாரத்தில் நிமிர்ந்த அதே முதுகு.

"இன்னொருக்காச் சொல்லு" என்றான்.

சொன்னேன். நான் சிரட்டையைக் கையில் எடுத்ததிலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன்.